பீப்பாயில் இருப்பது என்ன?

சென்ற வாரம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலைக்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ரப்பரை 33.33 கிலோ பேல்களாக அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குப் பின்னால், சுவரோரமாக நான்கு பீப்பாய்கள் நின்றன. ஒன்றில் கம்பெனியின் பெயர் பாதி தெரிந்தது. இன்னொன்றில் சாக்கட்டியால் "ஆயில்" என்று எழுதியிருந்தது. மற்ற இரண்டில் அதுவும் இல்லை. பிரஸ் ஓட்டும் தோழரிடம், "இது என்ன எண்ணெய்?" என்று கேட்டோம். "ஹைட்ராலிக் எண்ணெய்தான் ஐயா" என்றார். எந்த ஹைட்ராலிக் எண்ணெய் என்று கேட்டதற்குச் சிரித்தார். ஸ்டோர் கிராணியாரைக் கேட்டோம். தாம் வேலைக்கு வருமுன்பே அவை அங்கே இருந்தன என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும்.

ஆனால் நிருவாகத்தின் கோப்பில் ஆபத்து மதிப்பீடு என்று ஒரு பத்திரம் இருந்தது. அதில் "ஹைட்ராலிக் எண்ணெய்: ஆபத்து குறைவு" என்று ஒரு வரி. எந்தப் பீப்பாயைப் பார்த்து அந்த வரி எழுதப்பட்டது என்று நாம் கேட்கிறோம். பெயர் தெரியாத பொருளின் ஆபத்தை எப்படி நிறுத்துப் பார்த்தார்கள்?

ஹைட்ராலிக் எண்ணெய் என்பது ஒரே பொருளன்று. அது செய்யும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். இன்று விற்பனையாவதில் பெரும்பகுதி பூமியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கனிம எண்ணெய்தான். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். இதை மறைத்துத் தொழிலாளரைப் பயமுறுத்துவது நம் வேலையன்று. ஆயினும் எல்லாம் அப்படியல்ல. 1956 ஆகஸ்டு 8-ல் பெல்ஜிய நாட்டில் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் கூண்டிலிருந்து துருத்தி நின்ற தள்ளுவண்டி இடித்து, மின்கம்பியும் எண்ணெய்க் குழாயும் ஒருசேர அறுந்தன. பீறிட்ட எண்ணெய் தீப்பற்றியது. 262 பேர் மாண்டார்கள். இத்தகைய தீக்கு அஞ்சிய தொழில்களில் எளிதில் தீப்பற்றாத எண்ணெய்கள் இடம் பிடித்தன. தீப்பற்றாதது என்றால் தீங்கற்றது என்று பொருளாகாது. அவற்றுள் ஒருவகை பி.சி.பி. என்னும் குளோரின் கலந்த எண்ணெய். தோலில் கொப்புளம், ஈரல் கேடு என்று தொடங்கிய அதன் பழி, 2013-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் மனிதருக்குப் புற்றுநோய் தருவதென்று முதல் வகுப்பில் வைத்ததுவரை வந்துவிட்டது. புதிய எண்ணெயில் இன்று அது கிடையாது. பழைய இயந்திரத்திலும் பழைய பீப்பாயிலும் இல்லையென்று யார் கையெழுத்துப் போடுவார்?

இன்னொரு வகை பாஸ்பேட் எண்ணெய்கள். அவற்றில் சிலவற்றில் சேர்ந்திருந்த கிரெசில் பாஸ்பேட் என்ற பொருள் நரம்பைத் தின்னும். 1959-ல் மொரோக்கோ நாட்டில், விமானப்படைத் தளத்திலிருந்து விலைக்கு வந்த ஜெட் எந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். சுமார் 10,000 பேர் கால் விளங்காமல் போனார்கள். மொரோக்கோ தூரம் என்று எண்ண வேண்டாம். 1977, 1978-ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் இனத்துப் பெண்பிள்ளைகள் 20-க்கு மேற்பட்டோருக்கு இதே பொருளால் கை கால் தளர்ந்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். அந்த நல்லெண்ணெய் முன்பு இயந்திர எண்ணெய் வைத்திருந்த பாத்திரங்களில் வந்திருக்க வேண்டும் என்பதே ஆராய்ந்த மருத்துவர்களின் கருத்து. பெற்ற தாய் அன்போடு ஊற்றிக் கொடுத்த எண்ணெய் அது.

நம் தோட்டங்களில் காலியான எண்ணெய்ப் பீப்பாய் லயத்துக்கு வந்து தண்ணீர்த் தொட்டியாகிறது. டின், மண்ணெண்ணெய்க்கும் சில வீடுகளில் தேங்காயெண்ணெய்க்கும் ஆகிறது. பழைய எண்ணெயைக் கரையானுக்கு ஊற்றுகிறோம், குப்பைக்கு ஊற்றிக் கொளுத்துகிறோம், சொறிநாய்க்குத் தடவுகிறோம். முழங்கால் வலிக்குத் தடவுகிறவரும் உண்டு. (நாய்க்குத் தடவியபின் நாய் நக்கும் என்பதை நினைப்பதில்லை.) இவையெல்லாம் இன்றே நிற்க வேண்டும்.

கையுறை போட்டுக்கொள் என்று மண்டோர் சொல்வார். எந்தக் கையுறை? நாம் வெட்டும் பாலில் செய்த ரப்பர் கையுறை கனிம எண்ணெயில் ஊறி வீங்கிவிடும். அதற்கு நைட்ரைல் கையுறை வேண்டும். பாஸ்பேட் எண்ணெய்க்கோ நைட்ரைலும் தாங்காது. பியூட்டைல் என்ற வேறு வகை தேவை. ஆகவே எண்ணெயின் பெயர் தெரியாமல் கையுறையைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. மோந்து பார்த்தும், விரலால் தேய்த்துப் பார்த்தும், தீக்குச்சி கிழித்துப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம் என்று சில மெக்கானிக்குகள் நினைக்கிறார்கள். பி.சி.பி. எரிந்தால் இன்னும் கொடிய நஞ்சுகள் பிறக்கும்.

எண்ணெய் எதுவானாலும் ஒரு ஆபத்து உண்டு. பிரஸ் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எண்ணெய் பீறிடும். சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல் அழுத்தமே தோலைத் துளைக்கும்; பிரஸ் குழாயில் இருப்பது அதைப்போல் பல மடங்கு. கசிவைக் கையால் தடவித் தேடியவனுக்கு முள் குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் குறைவு. டிரசர் மருந்து தடவி வேலைக்கு அனுப்பிவிட்டால், விரல் போகலாம், கையும் போகலாம். "எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது" என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி, சில மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும். அதற்கும் முன்னே இயந்திரத்தை நிறுத்தி அழுத்தத்தை இறக்க வேண்டும். அங்கேயும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன எண்ணெய் என்பதே.

சட்டம் இல்லாமல் இல்லை. சுகாதாரத்துக்குக் கேடான இரசாயனங்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலாளி அவற்றுக்கு ஒரு பதிவேடு வைத்து, அதைத் தொழிலாளர் பார்க்கும்படி செய்ய வேண்டும். வேலை தொடங்குமுன் மதிப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு விதிகள், விற்பவர் லேபிலும் பாதுகாப்பு விவரத் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும் என்கின்றன. கழிந்த ஹைட்ராலிக் எண்ணெய் 2005-ஆம் ஆண்டு விதிகளில் எஸ்.டபிள்யூ. 306 என்ற எண்ணுள்ள கழிவு. அதன் பீப்பாய்க்கும் லேபில் உண்டு, உரிமம் பெற்றவரிடம்தான் போக வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி அதை முதலாளிக்கு அறிவித்து, அவர் நடவடிக்கை எடுக்கத் தவறினால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையைக் கொடுத்திருக்கிறது.

நிருவாகத்தின் பதில் நமக்குத் தெரியும். "சாதாரணக் கனிம எண்ணெய் இந்த விதிகளின் பட்டியலில் வராது" என்பார்கள். பல எண்ணெய்களுக்கு அது சரியும்கூட. ஆனால் வராது என்று சொல்வதற்கும் அது இன்ன எண்ணெய் என்று தெரிந்திருக்க வேண்டுமே!

இங்கே கிராணிமார்களிடம் ஒரு வார்த்தை. லேபிலில் தமிழ் இல்லை. பல தோட்டங்களில் உடன் வேலை செய்யும் வங்காளத் தோழருக்கும் நேப்பாளத் தோழருக்கும் அவர்கள் மொழி இல்லை. வாசித்துச் சொல்லக்கூடியவர் நீங்கள்தாம். பில்லும் ஸ்டோர்ப் புத்தகமும் உங்கள் கையில். எண்ணெய் வரும் நாளில் பெயரையும் தேதியையும் எழுதி, சிறு டின்னுக்கு மாற்றும்போது அந்த டின்னிலும் எழுதுங்கள். பெயரில்லாத சரக்கைப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னால், "பெயர் தெரியாதது, திறக்கக்கூடாது" என்றே எழுதுங்கள். அதில் கையெழுத்திட யாரும் உங்களைக் கோபிக்க முடியாது.

தொழிலாளத் தோழர்கள் அத்தகைய பீப்பாயைத் திறக்கவோ, உருட்டவோ, வேறொன்றில் கலக்கவோ வேண்டாம். 40 பேர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஆலைக்குள் நடந்து, பதிவேட்டில் உள்ளதையும் தரையில் நிற்பதையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் இல்லாமல் தரையில் நிற்பவற்றின் கணக்கைக் கிளைச் செயலாளர்கள் இம்மாத இறுதிக்குள் தலைமையகத்துக்கு எழுதியனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.