வாயிற்காவலும் ஒரு மருத்துவத் தொண்டே

மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் மருத்துவரும் செவிலியருமே. அவர்களைப் போற்றாத பள்ளி ஆண்டு மலர் இல்லை எனலாம். ஆனால் உள்ளே நுழையும்போது நாம் முதலில் காண்பவர் வாயிற்காவலர். அவரை 'வாட்ச்மேன்' என்று கூப்பிடுகிறோம். உள்ளே விட மறுத்தால் கல்நெஞ்சர் என்று ஏசுகிறோம். இது நியாயமா?

அவருடைய கடமைகளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஆம்புலன்ஸ் வரும் வழியை மறித்து நிற்கும் வண்டிகளை அகற்றுகிறார். எழுத்தறியாத பாட்டிக்கு எக்ஸ்ரே அறையைக் காட்டுகிறார். பிரசவ வார்டிலிருந்து குழந்தையை வெளியே கொண்டு செல்பவர் யார் என்று விசாரிக்கிறார். பார்வை நேரம் முடிந்தபின் நம்மைத் தடுப்பதும் நோயாளியின் நன்மைக்கே. கூட்டம் கூடினால் பச்சிளங் குழந்தைக்கும் அறுவை சிகிச்சை பெற்றவருக்கும் நோய் தொற்றக்கூடும். மேலும், உறக்கமும் ஒரு மருந்தல்லவா?

2024 ஆகஸ்டு 9 அன்று கல்கத்தாவில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் தாம் பணிபுரிந்த மருத்துவமனையிலேயே கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னையில், நோயாளி ஒருவரின் மகன் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை என்று தமிழக அரசு 2008-லேயே சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் சட்டம் குற்றத்திற்குப் பின் வருவது; காவலரோ குற்றத்திற்கு முன் நிற்க வேண்டியவர். நம்முள் பலர் மருத்துவராகவும் செவிலியராகவும் ஆக விரும்புகிறோம். நாளை நாம் இரவுப் பணி செய்யும்போது, நம் தாய் தந்தையர் நிம்மதியாக உறங்குவது அவர் விழித்திருப்பதால்தான்.

சில காவலர்கள் கடுஞ்சொல் பேசுகிறார்கள், கையூட்டும் கேட்கிறார்கள் என்று பெற்றோர் குறைப்படுவதுண்டு. அதை நாம் மறுக்கவில்லை; அது தவறே. ஆனால் குறைந்த கூலிக்கு அமர்த்தி, நாள் முழுவதும் கால் கடுக்க நிற்க வைத்து, எல்லாருடைய கோபத்துக்கும் அவரை இலக்காக்கிவிட்டு, இன்சொல்லை மட்டும் எதிர்பார்ப்பது எப்படி? தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி விதிகள், காவலருக்கு 160 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கின்றன. இதனுடன், அழுது நிற்கும் உறவினரை ஆற்றுப்படுத்தும் முறையையும் மருத்துவமனைக் காவலருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது நம் கருத்து. மகளிர் வார்டுகளில் பெண் காவலர்கள் மிகுதியாக வேண்டும். கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அந்த இரக்கம் மருத்துவமனை வாசலுக்கும் வரட்டும்.

இயேசு பிரான் சொன்ன நல்ல சமாரியர் உவமையை நாம் நன்கறிவோம். ஆனால் மறுநாள் சமாரியர் புறப்பட்டுப் போனபின், இரண்டு தெனாரியத்தைப் பெற்றுக்கொண்டு, காயமுற்றவரைக் காக்கும் பொறுப்பை ஏற்ற சத்திரக்காரரை நாம் நினைப்பதே இல்லை. வாயிற்காவலர் அந்தச் சத்திரக்காரரின் வழிவந்தவர்.

ஆகவே, அன்புத் தோழியரே, இனி மருத்துவமனைக்குச் செல்லும்போது பார்வை நேரத்தை மதிப்போம். கூட்டமாகச் செல்லாமல் ஒருவர் இருவராகச் செல்வோம். வாசலில் நிற்பவரை 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் அழைப்போம். நோயாளிக்கு நாம் செய்யும் முதல் உதவி அதுவே ஆகட்டும்!