‘ரிச்’ யார்?

ஆங்கிலத்தின் ‘ரிச்’ தமிழ் வீடுகளுக்குள் நன்றாகவே குடியேறிவிட்டது. பட்டுச்சேலை ரிச்சாக இருக்கிறது, கல்யாண மண்டபம் ரிச்சாக இருக்கிறது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் ‘ரிச் ஃபேமிலி’ என்கிறார்கள். ‘வசதியானவங்க’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன கூச்சம் இப்போது யாருக்கும் இல்லை.

பிறந்தபோது இந்தச் சொல் பணத்தைக் குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது வலிமையுள்ளவனை, ஆள்பவனைக் குறித்தது. லத்தீனின் ‘ரெக்ஸ்’, சமஸ்கிருதத்தின் ‘ராஜன்’ இரண்டும் அதற்கு உறவு. அதிகாரம் இருந்த இடத்திலேயே பொருளும் குவிந்ததால், நாளடைவில் பொருள் வைத்திருப்பவன் என்ற அர்த்தமே மிஞ்சியது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி அந்தப் பழைய அர்த்தத்தில் ரிச். ஆனால் அவனிடம் எவ்வளவு இருந்தது என்று எந்தப் புலவரும் கணக்கெடுக்கவில்லை. புறநானூற்றில் வன்பரணர் காட்டும் ஓரி, காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு வேட்டை இறைச்சியும் மலையில் விளைந்த பொன்னும் மணியும் தருகிறான். தன் புகழைக் காதால் கேட்டதும் நாணுகிறான். இன்னொரு பாட்டில், அவனிடம் பசியாறியவர்கள் ஆடலையும் பாடலையுமே மறந்துபோகிறார்கள். தமிழ் அவனுக்கு வைத்த பெயர் வள்ளல். கையிருப்பைச் சொல்லாமல் கொடுத்ததைச் சொல்கிற பெயர் அது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் இன்றைய கொல்லிமலை. மலையாளிப் பழங்குடியினர் விதைத்துவந்த சாமையும் தினையும் கேழ்வரகும் ஏழைகளின் சோறு என்று ஒதுக்கப்பட்டவை. ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகப் பெருக, அவற்றின் நிலம் சுருங்கியது. சாமையை உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி உமி நீக்கும் பாடு பெண்களுடையது. நிலம் சுருங்கியதற்கு அந்த அலுப்பும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் சிறு அரவை எந்திரங்கள் வைக்க உதவியது அதனால்தான்.

இப்போது அதே சாமை நகரத்துக் கடைகளில் ‘ஃபைபர் ரிச்’ என்ற முத்திரையோடு நிற்கிறது. தானியத்துக்குக் கிடைத்த பட்டம், அதன் விதையைக் காத்த வீட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆடி 17, 18 தேதிகளில் மலையில் அரசு ஓரி விழா எடுக்கிறது. அந்த மேடையில் மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தியை உட்காரவைக்க வேண்டும். கட்டவெட்டிச் சாமையும் வெள்ளைப் பெருஞ்சாமையும் அவள் வீட்டில் இன்னும் விதையாக இருக்கின்றனவா, அக்கம்பக்கத்தில் யார் யாருக்குக் கொடுத்தாள் என்று ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும்.