நெருக்கடி கொடுப்பது யார்?

நெய்வேலி வணிகச் சகோதரர்களே! இளைஞர்களே! அரசு முடிவெடுக்கிறது என்கிறார்கள். யார் சொல்லி எடுக்கிறது?

2006இல் நெய்வேலி நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குகளை விற்க மத்திய அரசு முடிவு செய்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். கூட்டணியிலிருந்த தி.மு.க. எதிர்த்தது. ஜூலை 6 அன்று, எல்லாப் பங்கு விற்பனையையும் நிறுத்தி வைத்தார் பிரதமர் மன்மோகன் சிங். 2013இல் பங்குச்சந்தை விதியைக் காட்டி மீண்டும் விற்பனை; மீண்டும் வேலைநிறுத்தம். கடைசியில் 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கின.

"அரசுக்கு நெருக்கடி கொடுக்கலாமா?" என்று உபதேசிக்கும் மேதாவிகளே! நெருக்கடி கொடுப்பவன் தொழிலாளி மட்டும்தானா? கம்பெனிகள் நன்கொடை தர லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பை 2017இல் நீக்கினார்கள். 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. எந்தக் கட்சிக்கு எவன் கொடுத்தான் என்பது ஓட்டுப் போட்டவனுக்குத் தெரியாது! 2024 பிப்ரவரி 15இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தொழிலாளி சம்பளத்தை இழந்து, வெயிலில் கொடி பிடித்துக் கேட்கிறான். பணமுதலை இருட்டில் கேட்கிறான். முன்னது இடையூறாம்! பின்னது சீர்திருத்தமாம்!

தொழிலாளி வீட்டில் சம்பளம் நின்றால் நம் கடையில் கல்லாப் பெட்டி நிறையுமா? சங்கமாகச் சேருங்கள். பகிரங்கமாகக் கேளுங்கள். நாம் வாய்மூடிக் கிடந்தால், காதோரம் கிசுகிசுப்பவன் பேச்சே அரசாணையாகும்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!