பொதுக் களஞ்சியத்தில் முதலிடம் யாருக்கு?

லிந்துலைத் தோட்டங்களிலிருந்து வந்து நம் கல்லூரியிற் பயின்றோர் லயத்துப் பீலியடியை மறந்திருக்க மாட்டார்கள். பீலி ஒன்று, குடங்களோ பல. விடியற்காலையிற் பிரட்டுக்குச் செல்வோர்க்கே முதலிடம். துணி துவைக்க வந்தோர் அந்நேரம் ஒதுங்கி நிற்பர். ஆயினும், வரிசையின் கடைசியில் கைக்குழந்தையுடன் நிற்கும் தாயும் ஒரு குடம் நீரின்றித் திரும்புதல் கூடாது. எழுதப்படாத இந்நீதியே இன்று கணினித் துறையிலும் வேண்டப்படுகின்றது என்பது நம் கருத்து.

பெரிய நிறுவனங்களிற் சேர்வர்கள் பல, ஒரே தரவுக் களஞ்சியத்தைப் பகிர்ந்து கொள்கின்றன. களஞ்சியம் பெரிதாயினும் அதன் வாயில் குறுகியது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஒரு வட்டு, சிதறிக் கிடப்பவற்றை எடுத்துத் தருமாறு கேட்டால், நொடிக்கு ஏறக்குறைய 100 வேண்டுகோள்களையே நிறைவேற்றும். வைத்தியசாலை ஒன்றில், நள்ளிரவில் முழுத் தரவுக்கும் பிரதியெடுக்கும் வேலை வாயிலை அடைத்துக் கொள்ளுமாயின், அவசரப் பிரிவில் நோயாளியின் குறிப்பைத் தேடும் வைத்தியர் காத்திருக்க நேரும். பிரதியெடுத்தலும் வேண்டியதே. குற்றம் வேலையில் அன்று, வரிசையில் உள்ளது.

இதற்கு அறிஞர் மூன்று விதிகளை வகுத்துள்ளனர். ஒவ்வொருவர்க்கும் உறுதி செய்யப்பட்ட குறைந்தபட்சப் பங்கு. எவரும் மீறலாகாத உச்ச வரம்பு. எஞ்சியதை முக்கியத்துவத்துக்கேற்பப் பிரித்தல். 2010ஆம் ஆண்டில் வெளியான ‘எம்குளொக்’ என்னும் ஆய்வு இம்மூன்றையும் ஒருங்கிணைத்தது. ‘செஃப்’ என்னும் திறந்த மூலக் களஞ்சிய மென்பொருள் 2022இல் அதனையே தன் இயல்பான முறையாக ஏற்றது. 2010இலேயே வீ.எம்.வேர் நிறுவனமும், காத்திருப்பு நேரம் குறித்த அளவைத் தாண்டும்போது மட்டும் பங்கீட்டை நடைமுறைப்படுத்தும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. நெருக்கடி இல்லாதபோது எவரையும் தடுக்காத அம்முறை பாராட்டத்தக்கது.

விரைவான களஞ்சியத்தை வாங்கிவிட்டால் இத்தொல்லை தீரும் என்பார் உளர். பாதை அகலுந்தோறும் வண்டிகளும் பெருகும் என்பதை அவர் எண்ணிலர். வேறு சிலர், முக்கியமானவர்க்கு முதலிடம் தந்தாற் போதும் என்பர். அதுவும் போதாது. முதலிடம் மட்டும் இருந்து குறைந்தபட்சப் பங்கு இல்லையேல், கடையவர் பட்டினி கிடப்பர். குறைந்தபட்ச வாக்குறுதிகளின் கூட்டுத்தொகை களஞ்சியத்தின் ஆற்றலை விஞ்சுமாயின், அவ்வாக்குறுதிகள் வெறும் ஏட்டுச் சுரைக்காயே.

நம் மலைநாட்டிலேயே இதற்கோர் சான்று உண்டு. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்னாற்றல் கொண்டது. நாட்டுக்கு மின்சாரம் இன்றியமையாததே. எனினும், சென் கிளேயர் நீர்வீழ்ச்சி பகலில் வற்றாதிருக்கும் பொருட்டு, ஒரு பங்கு நீரை விடுதல் வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. வலியவனுக்குப் பெரும்பங்கு, எளியவனுக்கு உறுதியான பங்கு. மின்சாரம் வேண்டியோரும் அருவியை நேசித்தோரும் வாதிட்டதன் பின்னரே அந்நிபந்தனை பிறந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

ஆகவே, யாருக்கு எவ்வளவு என்னும் முடிவை இரவில் தனித்திருந்து பணிபுரியும் தொழில்நுட்ப அலுவலர் தலையிற் சுமத்துதல் தகாது. உரத்துப் பேசும் பிரிவுக்கு அவர் இணங்கிவிடக் கூடும். நிறுவனத் தலைவரும் பயன்படுத்துவோரும் கூடி ஆராய்ந்து, எழுத்தில் வைத்து, ஆண்டுதோறும் மீள நோக்குதல் வேண்டும்.

கொழும்பிலும் கடல் கடந்தும் கணினித் துறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: பட்டியலை வகுக்கும்போது முதலில் நிற்பவரை மட்டும் பாராதீர், கடைசியிற் குடத்தோடு நிற்பவரையும் எண்ணிப் பாருங்கள்.