முகநரம்பு காயப்பட்டால்



நான் தாதியாகக் கடமையாற்றிய காலத்தில், ஷெல் துண்டு பட்டுக் கன்னத்தில் காயப்பட்ட பல பெண்களைப் பராமரித்திருக்கிறேன். காயம் ஆறிய பின்பும் சிலருக்கு ஒரு பக்க முகம் அசையாது. கண் முழுதாக மூடாது, குடிக்கும் தண்ணீர் கடைவாயால் வழியும். "நான் சிரிக்கிறன் மிஸ், பிள்ளை 'ஏனம்மா கோவம்' எண்டு கேக்குது" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். முகநரம்பு அறுந்ததே இதற்குக் காரணம்.

இந்நரம்பு காதுக்குக் கீழிருந்து வந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றியைச் சுருக்குவதும் கண்ணை மூடுவதும் சிரிப்பதும் இக்கிளைகளால்தான்.

நரம்பு அறுந்தால் விரைவில் தைப்பதே சிறந்தது. முதல் மூன்று நாட்களுக்குள் என்றால், அறுந்த முனையை மின்தூண்டல் மூலம் கண்டுபிடிப்பது எளிது. இடைவெளி இருந்தால் கெண்டைக்காலிலிருந்து உணர்ச்சி நரம்பொன்றை எடுத்து இணைப்பார்கள். பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும், நடை கெடாது. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்தான் வளரும். ஆகவே அசைவு தெரியப் பல மாதங்கள் செல்லும்.

"2009 இல் முடிந்த போரின் காயத்துக்கு இனி என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு வருடங்கள் நரம்பில்லாது கிடந்த தசை மெலிந்துவிடும். அதன்பின் நரம்பை மட்டும் தைத்துப் பயனில்லை. அதற்கும் வழியுண்டு. உட்தொடைத் தசையொன்றைக் குருதிக்குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கன்னத்தில் பொருத்தும் முறையை ஜப்பானிய வைத்தியர் ஹாரி 1976 இல் வெளியிட்டார். அதை மெல்லும் தசையின் நரம்போடு இணைத்தால், பல்லைக் கடித்துச் சிரிக்கப் பழகலாம். மறுகன்ன நரம்போடு இணைத்தால் சிரிப்பு இயல்பாக வரும். ஆனால் பொதுவாக இரண்டு சத்திரசிகிச்சைகள் தேவைப்படும். முகம் முழுவதும் முன்போல ஆகும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

இன்றே செய்யவேண்டியது கண்ணைக் காப்பது. பகலில் வைத்தியர் தரும் கண்துளியை இடுங்கள். இரவில் களிம்பு இட்டு, இமையை மூடி ஒட்டுங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கருவிழி புண்பட்டால் பார்வை போகலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பழைய துண்டுகளைக் கொண்டு செல்லுங்கள். உடலில் இரும்புத் துண்டுகள் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள்.

அழகுக்காகக் கேட்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். சாப்பிடவும் பேசவும் கண்ணைக் காக்கவும் கேட்கிறீர்கள்.