ஹீரோயின் இல்லாத வீரம்

'கைதி' (2019) வந்தப்போ எங்க புதுக்கோட்டை டீக்கடையில ஒரே பெருமை: "ஹீரோயின் இல்ல, பாட்டு இல்ல, சுத்தமான ஆம்பளைப் படம்ப்பா!"

நானும் கை தட்டினவன்தான். ஆனா டில்லி ராத்திரி பூரா லாரி ஓட்டுறது யாருக்காக? இதுவரை பார்க்காத மகளுக்காக. உடைஞ்சு அழுறது? செத்த மனைவியை நினைச்சு. 'விக்ரம்' (2022) படத்திலும் அமர் மனைவி தலை போனாத்தான் கதை சூடு பிடிக்குது. ஆம்பளைங்க தோள்மேல கை போட, பொம்பளை சாகணுமா?

அதே படத்துல ஏஜென்ட் டீனா சண்டை போட்டப்போ தியேட்டரே கத்துச்சே!

1990களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கத்தால எங்க மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் மிதிச்ச ரோடு சாமி இது. இங்க உங்க லாரியை ஓட்ட ஒரு பொம்பளை கூடவா கிடைக்கல?