முருகன் படத்துக்கு யார் ஓனர்?

தைப்பூசம் வந்தாலே வாட்சாப் குரூப் பூரா ஏஐ முருகன்தான். பாதிப் படத்துல மூலையில சொந்தப் பெயர் வேற, "காப்புரிமை பெற்றது, அனுமதியின்றிப் பகிராதீர்" என்று மிரட்டலோட!

என்னய்யா நியாயம் இது? ரெண்டு வரி டைப் பண்ணினேன்னு சொல்வீங்க. ஆர்டர் கொடுத்தவன் ஆசாரி ஆயிடுவானா? ஃபேக்டரியில பட்டனை அமுக்குற ஆப்பரேட்டர் வெளியே வர்ற சாமான் என்னுதுன்னு சொல்றதில்லையே. கோவில்பட்டி கொண்டைய ராஜு மாதிரி ஓவியர்கள் வாழ்நாளெல்லாம் சாமிப் படம் வரைஞ்சாங்க. மனுஷன் வரைஞ்ச கோடிக்கணக்கான படங்களை மேய்ஞ்சுதான் இந்த மெஷின் கத்துக்கிச்சு. வரைஞ்சவங்களை யாரும் கேட்கல. மனிதர் கைபடாமல் மெஷின் தானா உருவாக்கிய படத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே 2025 மார்ச்சில் சொல்லிடுச்சு.

2024இல் 'லால் சலாம்' பாட்டுக்கு, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐயில் கொண்டுவந்த ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அது முறை.

பினாங்கில் வரையத் தெரிஞ்ச பிள்ளைங்க இல்லையா? இந்த வருஷம் தண்ணீர்ப் பந்தல் பேனரை அவங்ககிட்ட கொடுங்க. நூறு வெள்ளி கொடுங்க, கீழே அவங்க பேரைப் போடுங்க. மயிலுக்கு மூணு காலும் வராது.